வயலில் செல்போன் காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்? சென்சாரிலிருந்து ஆப் வரை ஒரு விளக்கம்

குமராட்சி வட்டாரத்தில் சம்பா பருவப் பயிற்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். பயிற்சி முடிந்து வரப்பில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு பெரியவர் தன் செல்போனை நீட்டினார். "சார், மண்ணுல ஈரம் 41 சதவீதம்னு போடுது. தண்ணி வைக்கணுமா?" என்று கேட்டார். வரப்புக்குக் கீழே, அவருடைய வயலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றிருந்தது.

அவர் விளையாட்டுக்காகக் கேட்கவில்லை. ஆப் ஒன்று சொல்கிறது, கண் ஒன்று சொல்கிறது, படித்தவர்கள் செய்த ஆப் தப்பாகச் சொல்லுமா என்ற உண்மையான குழப்பம். "ஐயா, உங்கள் போனில் மண் ஈரத்தை அளக்கும் கருவி எதுவும் கிடையாது. இந்த 41 வேறு எங்கிருந்தோ வருகிறது" என்றேன். "அப்ப எதுக்கு லொகேஷன் ஆன் பண்ணுன்னு கேட்டுச்சு?" என்று திருப்பிக் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கான முழுப் பதிலை வரப்பில் நின்று சொல்ல முடியவில்லை. இங்கே சொல்கிறேன்.

போனுக்குள் இருப்பவை, இல்லாதவை

இன்று நீங்கள் வைத்திருக்கும் சாதாரண ஆண்ட்ராய்டு போனில் அசைவை உணரும் சென்சார், காதருகே வைத்தால் திரையை அணைக்கும் சென்சார், வெளிச்சத்தை அளக்கும் சென்சார், செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் ஜிபிஎஸ், கேமரா, மைக் ஆகியவை இருக்கும். பல போன்களில் திசைகாட்டிக்கான காந்த சென்சாரும் இருக்கும். விலை கூடிய சில போன்களில் காற்றழுத்தமானி இருக்கும்.

மண் ஈரம், மண்ணின் கார அமிலத் தன்மை, தழைச்சத்து, இலை ஈரம் ஆகியவற்றை அளக்கும் சென்சார் போன்களில் வருவதில்லை. காற்றின் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் அளக்கும் சென்சாரை 2013இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்4 போனில் வைத்தார்கள். அதன் பிறகு அது பரவலாகவில்லை. போனில் இல்லாத சென்சாரை எந்த ஆப்பாலும் படிக்க முடியாது. அப்படியும் ஒரு எண்ணைக் காட்டினால், அது இணையத்திலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது கணக்குப் போட்டு ஊகித்திருக்க வேண்டும்.

பெரியவரின் ஆப் செய்தது இதைத்தான். அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை மட்டும் போனிலிருந்து வாங்கிக்கொண்டு, அந்தப் பகுதிக்கான மதிப்பீட்டை எங்கோ உள்ள கணினியிலிருந்து எடுத்துக் காட்டியது. லொகேஷன் கேட்டது அதற்காகத்தான். இப்படிப்பட்ட மதிப்பீடுகள் எவ்வளவு பெரிய பரப்புக்கானவை என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். மண் ஈரத்தை அளக்க 2015இல் நாசா அனுப்பிய ஸ்மாப் செயற்கைக்கோளின் ஒரு கட்டம் சுமார் 36 கிலோமீட்டர் நீள அகலம் கொண்டது. அதற்குள் கொள்ளிடக் கரையும் சிதம்பரம் நகரமும் உங்கள் வயலும் ஒன்றாக அடங்கிவிடலாம். மாவட்ட அளவில் வறட்சியைக் கணிக்க அந்த எண் உதவும். மடை திறப்பதா வேண்டாமா என்பதற்கு உதவாது.

உங்கள் போனில் என்னென்ன சென்சார் இருக்கிறது என்று பார்க்க, ஜெர்மனியில் உள்ள ஆகன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் 'ஃபைபாக்ஸ்' என்ற ஆப் போதும். இல்லாத சென்சாருக்கான பக்கங்கள் அதில் மங்கலாகத் தெரியும். வீட்டில் பிள்ளைகளிடம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

மதகுச் சாவி யாரிடம்?

கீழணையில் திறந்த தண்ணீர் நேராக உங்கள் வயலில் விழுவதில்லை. வடக்கு ராஜன் வாய்க்காலில் வந்து, கிளை வாய்க்காலில் பிரிந்து, மதகைத் தாண்டி உங்கள் மடைக்கு வருகிறது. மதகின் ஷட்டரைத் திறப்பவர் லஸ்கர். எந்த வாய்க்காலுக்கு, எந்த முறையில், எத்தனை அங்குலம் என்பது அவர் கையில்.

போனில் அந்த லஸ்கர் வேலையைச் செய்வது ஆபரேட்டிங் சிஸ்டம் எனும் இயங்குதளம். நம் ஊரில் பெரும்பாலானவர்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு அது ஐஓஎஸ். எந்த ஆப்பும் சென்சாரை நேராகத் தொட முடியாது. "அசைவு எவ்வளவு, சொல்" என்று இயங்குதளத்திடம்தான் கேட்க வேண்டும்.

நடப்பது இதுதான். அசைவு சென்சார் சிப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எடைத்துண்டு ஒன்று சிலிக்கானில் தொங்கிக்கொண்டிருக்கும். போன் அசைந்தால் அது இம்மியளவு நகரும். அந்த நகர்வு மின் அளவாக மாறி, ஒரு வெற்று எண்ணாக வெளியே வரும். அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருள் இல்லை. அந்தச் சிப்பின் பாஷை தெரிந்த டிரைவர் என்ற சிறு மென்பொருள் அதைப் படிக்கிறது. அதற்கு மேல் உள்ள அடுக்கு, எல்லோரும் ஒப்புக்கொண்ட அலகுக்கு அதை மாற்றுகிறது. அதன் பிறகே ஆப்புக்குப் போகிறது. போனை மேசையில் அசையாமல் வைத்தாலும் 9.8 என்று காட்டும். அது பூமியின் ஈர்ப்பு, மீட்டர் கணக்கில்.

சிப் செய்யும் கம்பெனிகள் பல. ஒவ்வொன்றும் தன் பாஷையில் எண் தரும். ஒருவர் மரக்கால், ஒருவர் கலம், ஒருவர் மூட்டை என்று கொண்டுவந்தாலும் நேரடிக் கொள்முதல் நிலையத்தில் எல்லாம் கிலோவாக மாறுகிறதல்லவா, அதுபோல இயங்குதளம் எல்லாவற்றையும் ஒரே அலகில் தருகிறது. ஏழாயிரம் ரூபாய் போனிலும் எழுபதாயிரம் ரூபாய் போனிலும் ஒரே ஆப் ஓடுவது இதனால்தான். ஆனால் கிலோவாக மாற்றியதால் நெல்லின் ஈரப்பதம் குறைந்துவிடாது. மட்டமான சென்சாரின் எண்ணும் நல்ல சென்சாரின் எண்ணும் ஒரே அலகில் வந்து நிற்கும். அலகு ஒன்றாக இருப்பதைத் தரம் ஒன்றாக இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

லஸ்கரைப் போலவே இயங்குதளமும் எல்லாருக்கும் எல்லா நேரமும் திறந்துவிடாது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல், திரையில் திறந்திராத ஆப்புக்கு இருப்பிடம் ஒரு மணி நேரத்தில் சில முறைதான் கிடைக்கும். 2018இல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், பின்னணியில் கிடக்கும் ஆப்புக்குக் கேமரா, மைக், அசைவு சென்சார் எதுவும் கிடையாது. பேட்டரியைக் காப்பதும் வேவு பார்ப்பதைத் தடுப்பதும் இதன் நோக்கம். வயலில் இதன் விளைவு என்ன? நிலத்தைச் சுற்றி நடந்து பரப்பு அளக்கும் ஆப்பைத் தொடங்கிவிட்டு, வேறு ஆப்புக்குப் போனாலோ திரையை அணைத்துச் சட்டைப்பையில் போட்டாலோ, நடுவில் புள்ளிகள் விடுபடலாம். மூலைகள் வெட்டுப்பட்டுப் பரப்பு குறையும். சுற்றி முடிக்கும் வரை திரை எரியட்டும்.

இருப்பிடம்: பணம் சம்பந்தப்பட்ட இடம்

மற்ற சென்சார்கள் தவறினால் ஒரு தண்ணீர்க் கட்டு தவறும். இருப்பிடம் தவறினால் பதிவே தவறும். பயிர்க் காப்பீட்டுக்கான அறுவடைப் பரிசோதனையில் அலுவலர் செல்போன் ஆப்பில்தான் இடத்தையும் படத்தையும் பதிகிறார். டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பிலும் வயலில் நின்று படம் எடுத்துத்தான் பதிவு. அந்த நேரத்தில் நீங்கள் உடன் இருந்தால், அவர் கையில் உள்ள போனில் என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்திருப்பது உங்களுக்கு நல்லது.

முதலில் நான் செய்த தவறு ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஆறு செயல்விளக்கத் திடல்களின் இடத்தைப் பதியப் போனேன். காலையில் டீக்கடையில் நிறுத்தி, வரைபடத்தில் வழி பார்த்துவிட்டுக் கிளம்பினேன். ஒவ்வொரு திடலிலும் ஆப்பைத் திறந்து, எண் வந்ததும் உடனே சேமித்துவிட்டு நகர்ந்தேன். அறுவடை முடிந்து விளைச்சலைச் செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட உட்கார்ந்தபோது, ஆறில் நான்கு திடல்கள் அந்த டீக்கடை வாசலில் இருந்தன. எந்த விளைச்சல் எந்த வயலுடையது என்று படத்தில் பொருத்த முடியாமல், ஒரு பருவத்தின் ஒப்பீடு வீணானது.

நடந்தது இதுதான். ஆப் இருப்பிடம் கேட்டவுடன் இயங்குதளம் இரண்டு விதமாகப் பதில் சொல்ல முடியும். புதிதாக ஜிபிஎஸ்ஸை எழுப்பிக் கணக்கிட்டுச் சொல்வது ஒன்று. கடைசியாகத் தெரிந்த இடத்தை அப்படியே எடுத்துக் கொடுப்பது இன்னொன்று. இரண்டாவது நொடியில் கிடைக்கும், பேட்டரியும் செலவாகாது. அந்த ஆப் இரண்டாவதைக் கேட்டிருந்தது. கடைசியாக நான் இருப்பிடம் பார்த்த இடம் டீக்கடை. ஒவ்வொரு இருப்பிடத்தோடும் அது எடுக்கப்பட்ட நேரத்தையும் இயங்குதளம் சேர்த்தே அனுப்புகிறது. ஆப் அதைப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஆகவே வயலுக்குப் போனதும் முதலில் கூகுள் மேப்ஸைத் திறந்து ஓரிரு நிமிடம் திறந்த வெளியில் நில்லுங்கள். நீலப்புள்ளி உங்கள் வரப்பின் மேல் வந்து நிற்கட்டும். புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று தெரியும். அது பெரிதாக இருந்தால் போனுக்கே சந்தேகம் என்று பொருள். வட்டம் சுருங்கிய பிறகு பதிவுக்கான ஆப்பைத் திறக்கலாம்.

சில ஆப்கள் 'துல்லியம் 5 மீ' என்று எண்ணாகவே காட்டும். இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். உண்மையான இடம் அந்தப் புள்ளியைச் சுற்றி 5 மீட்டருக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்பதே ஆண்ட்ராய்டு தரும் பொருள். ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை அதற்கு வெளியேயும் இருக்கலாம். எனவே வரப்போரத்தில் நின்று பதிய வேண்டாம். வயலின் நடுவுக்கு இறங்கிப் பதிந்தால் சில மீட்டர் தவறினாலும் புள்ளி உங்கள் சர்வே எண்ணுக்குள்ளேயே விழும். அலுவலரிடம், "சார், கொஞ்சம் உள்ளே வந்து எடுங்க" என்று சொல்வதில் தவறில்லை.

சிக்னல் இல்லாத வயலில் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்று பலர் நினைக்கிறார்கள். செய்யும். ஜிபிஎஸ் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடமிருந்து வாங்குவது மட்டுமே. அதற்கு சிம் கார்டோ டேட்டாவோ தேவையில்லை. செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை ஒவ்வொரு செயற்கைக்கோளும் 30 நொடிக்கு ஒருமுறை திருப்பித் திருப்பிச் சொல்லும். டேட்டா இருந்தால் போன் அந்த விவரத்தை இணையத்தில் சட்டென்று எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் வானத்திலிருந்து முழுவதும் கேட்டு முடிக்கும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். மூங்கில் கொத்து, தென்னந்தோப்பு, தகரம் போட்ட மோட்டார் கொட்டகை ஆகியவற்றின் அடியில் நின்று காத்திருந்தால் பயனில்லை. பெரிய மோட்டார், டிராக்டர் பக்கத்தில் திசைகாட்டியும் தடுமாறும்.

அடுத்தது அனுமதி. 2021இல் வந்த ஆண்ட்ராய்டு 12 முதல், ஆப் இருப்பிடம் கேட்கும்போது 'துல்லியமானது', 'தோராயமானது' என்று இரண்டு வட்டப் படங்கள் வரும். தோராயம் என்பதைத் தொட்டால் சுமார் 3 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் எங்கோ இருக்கிறீர்கள் என்று மட்டும்தான் இயங்குதளம் ஆப்புக்குச் சொல்லும். நீங்கள் உங்கள் வயலில் நின்று படம் எடுப்பீர்கள், பதிவு பக்கத்துக் கிராமத்தில் விழும். ஆப் கெட்டுவிட்டது என்று நினைப்போம். செட்டிங்ஸில் லொகேஷன், அதில் ஆப் பெர்மிஷன், அதில் அந்த ஆப் என்று போனால், துல்லியமான இருப்பிடத்தைப் பயன்படுத்துவதற்கான பொத்தான் இருக்கும். வயல் பதிவு ஆப்புக்கு அது ஆனில் இருக்க வேண்டும். ஐபோனில் இதே வசதி 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் உள்ளது.

இன்னொன்று, பருவத்துக்கு ஒருமுறை மட்டும் திறக்கும் ஆப்களுக்கானது. சில மாதங்கள் திறக்காமல் விட்ட ஆப்பின் அனுமதிகளை ஆண்ட்ராய்டு தானே திரும்ப எடுத்துக்கொள்ளும். போன சம்பாவில் ஓடிய ஆப் இந்த சம்பாவில் இடத்தைக் காட்டவில்லை என்றால், அழித்துவிட்டு மறுபடி ஏற்றும் முன் அனுமதியைப் பாருங்கள். உள்ளூர்ப் பேரிடர் இழப்பைத் தெரிவிக்க 72 மணி நேரம்தான். அந்த அவசரத்தில் இதைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. பருவத் தொடக்கத்திலேயே ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.

போலி இருப்பிடம் பற்றியும் கேட்கிறார்கள். வீட்டில் இருந்தபடியே வயலில் இருப்பதாகக் காட்டும் ஆப்கள் உண்டு. ஆனால் அந்த இருப்பிடம் செயற்கையானது என்ற குறிப்பையும் இயங்குதளம் சேர்த்தே கொடுக்கிறது. பதிவு ஆப் அதைப் பார்த்து நிராகரிக்க முடியும். உண்மையான இழப்பைக்கூட இப்படிச் செய்து கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நடந்து அளக்கும் பரப்பு

சும்மா தெரிந்துகொள்ள நடந்து அளக்கலாம். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு மா நிலம், 33 சென்ட், சதுரமாக இருந்தால் பக்கம் சுமார் 36.5 மீட்டர். ஜிபிஎஸ் தவறால் ஒவ்வொரு பக்கமும் 3 மீட்டர் கூடினால் பரப்பு சுமார் 38.6 சென்ட் ஆகிவிடும். 3 மீட்டர் குறைந்தால் 28 சென்ட்டுக்கும் கீழே போகும். இதே 3 மீட்டர் தவறு 5 ஏக்கர் சதுரத்தில் வந்தால் 500 சென்ட் 521 ஆகும், அவ்வளவுதான். சிறு நிலத்தில்தான் அடி பலமாக விழுகிறது. குத்தகைப் பேச்சுக்கும் நடவு, அறுவடைக் கூலிக்கும் இந்த எண்ணை வைத்துச் சண்டை வேண்டாம். சங்கிலியும் டேப்பும் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன.

வெப்பம், காற்றழுத்தம்

'தெர்மாமீட்டர்' என்று பெயர் வைத்த ஆப் உங்கள் போனில் 36 டிகிரி என்று காட்டினால், அது பேட்டரியின் வெப்பமாக இருக்கலாம். பேட்டரி சூடேறி வெடிக்காமல் பார்த்துக்கொள்ள அதற்குள் ஒரு வெப்ப சென்சார் இருக்கும். அந்த எண்ணை ஆண்ட்ராய்டு எந்த ஆப்புக்கும் தயங்காமல் தருகிறது. சார்ஜ் போட்டால் ஏறும், வெயிலில் வைத்தால் ஏறும். அதை வைத்து மருந்தடிக்கும் நேரத்தை முடிவு செய்ய வேண்டாம்.

காற்றழுத்தமானி உள்ள போனில் அந்த எண் உண்மையான அளவீடு. நம் பகுதியில் சாதாரண நாளில் 1010 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். புயல் நெருங்கினால் தொடர்ந்து இறங்கும். ஆனால் ஒரு விஷயம். எந்தப் புயலும் இல்லாத நாளிலும் காலை 10 மணி, இரவு 10 மணி வாக்கில் அழுத்தம் ஏறி, மாலை 4 மணி, அதிகாலை 4 மணி வாக்கில் இறங்கும். நம்மைப் போன்ற வெப்பமண்டலப் பகுதியில் இந்த ஏற்ற இறக்கம் 3, 4 ஹெக்டோபாஸ்கல் வரை இருக்கும். காலை 10 மணி எண்ணோடு மாலை 4 மணி எண்ணை ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். நேற்று 4 மணிக்கு எவ்வளவு, இன்று 4 மணிக்கு எவ்வளவு என்று பாருங்கள். போனை மாடிக்கு எடுத்துப் போனாலும் எண் குறையும். 8 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 ஹெக்டோபாஸ்கல். தானே, நிவர், ஃபெஞ்சல் என்று பார்த்தவர்கள் நாம். ஆர்வத்துக்குப் பாருங்கள், முடிவெடுக்க வானிலை ஆய்வு மையத்தின் அறிவிப்பையே கேளுங்கள்.

கேமரா நிறத்தை மாற்றும்

இலையைப் படம் எடுத்தால் தழைச்சத்துத் தேவையைச் சொல்லும் ஆப்களைப் பற்றி அடிக்கடி கேட்கிறீர்கள். கேமரா சென்சார் பார்த்த நிறம் அப்படியே ஆப்புக்கு வருவதில்லை. படம் கண்ணுக்கு அழகாகத் தெரிய வேண்டும் என்று போன் தானாகவே வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்துதான் கொடுக்கிறது. மாலை மஞ்சள் வெயிலில் எடுத்த அதே இலை, மேகமூட்டத்தில் எடுத்ததைவிட வேறு பச்சையாக இருக்கும். போன் மாறினாலும் பச்சை மாறும்.

இதில் நான் இன்னும் இலை வண்ண அட்டையின் பக்கம்தான். நட்ட 14ஆம் நாள் தொடங்கிப் பூக்கும் வரை வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், உங்கள் உடலின் நிழலில் அட்டையை வைத்து, நன்கு விரிந்த இளம் இலையின் நடுப்பகுதியை ஒப்பிடுங்கள். 10 குத்துகளில் 6 அல்லது அதற்கு மேல் 4ஆம் எண்ணைவிட வெளிறியிருந்தால் மேலுரம் கொடுக்கலாம். வெள்ளைப் பொன்னிக்கு 3ஆம் எண் போதும். நோய், பூச்சி அடையாளம் காண ஆப் உதவும். அதற்கு நிறத்தோடு வடிவமும் துணை செய்கிறது. ஆனாலும் மருந்து வாங்கும் முன் வேளாண் அலுவலரிடம் ஒருமுறை படத்தைக் காட்டிவிடுங்கள்.

வயலில் நடும் சென்சார்கள்

இப்போது சிலர் தனியாக மண் ஈர சென்சாரும், விதைக் கிடங்கிலும் காளான் குடிலிலும் வெப்ப சென்சாரும் வாங்கிப் பொருத்துகிறார்கள். இங்கேயும் அதே கதைதான். இடையில் ஒரு சின்னக் கணினியும் அதன் மென்பொருளும் இருக்கின்றன.

காளான் குடிலில் வைக்கும் மலிவான வெப்ப சென்சாரில் மிகப் பரவலானது டிஎஸ்18பி20. அதைப் படிக்கும் லினக்ஸ் கணினியில் 28562 என்று ஒரு எண் வரும். ஆயிரத்தால் வகுத்தால் 28.562 டிகிரி. கடைசி இலக்கங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அந்த சென்சாரே அரை டிகிரி கூடக் குறையச் சொல்லக்கூடியது. திடீரென்று 85 டிகிரி என்று காட்டினால் குடில் பற்றி எரியவில்லை. மின்சாரம் வந்ததும் அளக்கத் தொடங்கும் முன் அந்தச் சிப் வைத்திருக்கும் ஆரம்ப எண் அது. வயரோ மின்சாரமோ சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். சில கருவிகளில் மைனஸ் 127 வரும். வயர் கழன்றிருக்கிறது என்பதே அதன் பொருள்.

மண் ஈர சென்சார் தருவது இன்னும் வெறும் எண். பல கருவிகளில் 0 முதல் 4095 வரை ஏதோ ஒன்று வரும். அதைச் சதவீதமாக மாற்றுவது விற்பவர் எழுதிவைத்த கணக்கு. அந்தக் கணக்கு மணற்பாங்கான மண்ணுக்கோ தென்னை நார்க்கழிவுக்கோ போடப்பட்டிருந்தால், நம் களிமண்ணில் பொருந்தாது. தவிர, களிமண் காய்ந்து வெடிக்கும்போது சென்சாரைச் சுற்றிக் காற்று இடைவெளி விழும். பக்கத்தில் ஈரம் இருந்தும் அது 'வறட்சி' என்று சொல்லும். வாங்குவதானால், உங்கள் வயல் மண்ணுக்கு அளவு திருத்தித் தருவீர்களா என்று கேளுங்கள். மண்ணை எடை போட்டு, 105 டிகிரியில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை போட்டால் உண்மையான ஈரம் தெரியும். அதோடு சென்சார் எண்ணை ஒப்பிட்டுத்தான் கணக்கை எழுத வேண்டும். முடியாது என்பவரிடம் வாங்காதீர்கள்.

நெல்லுக்கு மட்டும் என்றால் துளையிட்ட 30 சென்டிமீட்டர் குழாய் ஒன்றைப் பாதியளவு மண்ணில் பதித்து, உள்ளே உள்ள மண்ணை எடுத்துவிட்டால் போதும். குழாய்க்குள் தண்ணீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே இறங்கியதும் 5 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்டலாம். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. அந்தக் குழாய்க்கு இயங்குதளம் கிடையாது, சார்ஜும் போட வேண்டாம்.

எந்த ஆப்புக்கு எதைக் கொடுப்பது

இருப்பிடம், கேமரா, மைக் ஆகியவற்றுக்கு இயங்குதளம் உங்களைக் கேட்ட பிறகே திறக்கிறது. அசைவு, வெளிச்சம், காற்றழுத்தம் போன்றவற்றைக் கேட்காமலே தந்துவிடுகிறது. ஆகவே கேட்கும்போது யோசிக்க வேண்டியது முதல் வகைக்குத்தான்.

மின்னல் எச்சரிக்கை தரும் 'தாமினி' ஆப்பை எடுத்துக்கொள்ளுங்கள். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தினுடையது. மின்னலை உங்கள் போன் உணர்வதில்லை. நாடு முழுவதும் நிறுவிய கருவிகள் உணர்கின்றன. உங்களைச் சுற்றி 20, 40 கிலோமீட்டருக்குள் மின்னல் உண்டா என்று சொல்ல, நீங்கள் எங்கே என்று தெரிந்தால் போதும். அதற்குத் தோராயமான இருப்பிடமே தாராளம். 'மேகதூத்' ஆப் தருவது மாவட்ட, வட்டார அளவு முன்னறிவிப்பு, அதற்கும் அப்படியே. பயிர்ப் பதிவு ஆப்புக்குத் துல்லியமான இருப்பிடமும் கேமராவும் வேண்டும், ஆனால் 'பயன்படுத்தும்போது மட்டும்' என்பதே போதும். டார்ச் ஆப், நாள்காட்டி ஆப் மைக் கேட்டால் மறுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், ஏதாவது ஒரு ஆப் கேமராவையோ மைக்கையோ பயன்படுத்தினால் திரையின் மேல் மூலையில் பச்சை அடையாளம் தெரியும். நீங்கள் ஒன்றும் செய்யாதபோது அது தெரிந்தால் எந்த ஆப் என்று பாருங்கள்.

பி.எம். கிசான், மானியம், கடன் தள்ளுபடி என்று சொல்லி வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்கவே வேண்டாம். அது சென்சாரோடு நிற்காது; குறுஞ்செய்தி அனுமதியையும் வாங்கி ஓடிபியைப் படிக்கும். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

கடைசியாக, சேதமான பயிரின் படத்தைப் பலரும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள். கேமராவின் லொகேஷன் வசதி ஆனில் இருந்தால் படத்துக்குள்ளேயே இடமும் நேரமும் பதிவாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்த விவரம் அழிந்துவிடும். 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் அழியாது. எப்படி அனுப்பினாலும் உங்கள் போனில் உள்ள அசல் படத்தை, காப்பீட்டுத் தொகை கைக்கு வரும் வரை அழிக்காமல் வைத்திருங்கள்.